ஜார்ஜ்டவுன் வாக்களிக்கக் கற்ற கதை

1951 டிசம்பர் 1, சனிக்கிழமை. மலாயாவில் அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த நேரம். காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் படைகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊருக்குள் அடையாள அட்டை இல்லாமல் நடமாட முடியாது. சரியாக எட்டு வாரத்துக்கு முன்பு, அக்டோபர் 6 அன்று, பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அப்படிப்பட்ட நாளில்தான் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுன் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய்த் தங்கள் நகராண்மைக் கழகத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

போருக்குப் பிந்திய மலாயாவின் முதல் தேர்தல் அது. கோலாலம்பூர் இரண்டரை மாதம் கழித்து, 1952 பிப்ரவரி 16 அன்று வாக்களித்தது. நாடு தழுவிய தேர்தல் வருவதற்கு 1955 ஆகிவிட்டது.

நகராண்மைக் கழகத்தில் மொத்தம் 15 இடங்கள். அவற்றில் 9 இடங்களை மட்டும் மக்கள் நிரப்பலாம் என்று அரசு விட்டுக்கொடுத்தது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என நகரம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. பினாங்கு ரேடிக்கல் கட்சி 6 இடங்களைப் பிடித்தது. அம்னோவுக்கும் தொழிற்கட்சிக்கும் ஆளுக்கு ஒன்று. மீதமிருந்த ஒன்று சுயேச்சைக்கு. ரேடிக்கல் கட்சியின் தலைவர்களில் ஒருவரான டாக்டர் லிம் சோங் இயூ பிற்பாடு 1969 முதல் 1990 வரை பினாங்கின் முதலமைச்சராக இருந்தார்.

அதே பருவத்தில் கடலுக்கு அப்பால் இந்தியாவும் தன் முதல் பொதுத்தேர்தலை நடத்திக்கொண்டிருந்தது. 1951 அக்டோபர் 25-ல் தொடங்கிய அந்த வாக்குப்பதிவு 1952 பிப்ரவரி வரை நீண்டது. சுமார் 17 கோடி வாக்காளர்கள். பெரும்பாலானோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னம் ஒட்டச் செய்தார். வாக்களிக்கும் முறையை விளக்கும் படங்கள் திரையரங்குகளில் ஓடின. பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெயர் கொடுப்பதும் வாக்குரிமையின் ஒரு பகுதி என்பதை இந்தியப் பெண்கள் அடுத்த தேர்தலுக்குள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜார்ஜ்டவுனிலும் தடை பதிவில்தான் இருந்தது. வாக்காளராகப் பதிவது அவரவர் விருப்பம். அரசாங்கப் பட்டியல் என்றாலே மக்கள் தயங்கிய காலம் அது. கட்டாயப் பணிக்கு ஆள் எடுக்கும் சட்டம் 1950 டிசம்பரில்தான் வந்திருந்தது. இங்கிருந்த இந்தியர்களுக்குக் கூடுதலாக இன்னொரு குழப்பம். ஊரில் நிலமும் உறவும் இருக்க, இங்கே குடியுரிமை வாங்கினால் அங்கே என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே பலர் பதியாமல் இருந்துவிட்டார்கள். முதல் தேர்தலில் பதிந்தவர்கள் நகர மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதி. இந்தச் சிறிய தொடக்கத்திலிருந்து பத்தே ஆண்டில் ஜார்ஜ்டவுன் மலாயாவின் அரசியல் விழிப்புமிக்க நகரமானது.

கல்கத்தாவில் எழுதிய சட்டம்

உண்மையில் இந்த ஊருக்கு வாக்குச்சீட்டு 1951-ல் புதிதாக வந்ததல்ல. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவிலிருந்து ஆண்டபோது, அங்கே இயற்றிய நகராண்மைச் சட்டம் இங்கும் செல்லுபடியானது. 1857-ல் ஜார்ஜ்டவுனில் நகராண்மை ஆணையர்களில் சிலரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. சொத்து வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும், சாலை போட்டவர்களுக்கும், படகு தள்ளியவர்களுக்கும் அதில் பங்கில்லை. அப்படியிருந்தும் கால் நூற்றாண்டு கழித்து இந்தியாவில் நடந்ததை வைத்துப் பார்த்தால் அது முன்னோடி ஏற்பாடு.

1882-ல் இந்திய வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளாட்சியால் நிர்வாகம் உடனே சீர்ப்படும் என்று அவர் வாதாடவில்லை. மக்களுக்கு அரசியல் கல்வி தரும் கருவி என்பதே அதன் முதல் பயன் என்று எழுதினார். தன் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று பேசத் தெரிந்தவர்தான் நாளைக்கு நாட்டைப் பற்றியும் பேசுவார் என்பது அந்தச் சிந்தனையின் சாரம். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்த ரிப்பன் மாளிகை 1913-ல் திறக்கப்பட்டது. அதே 1913-ல் நீரிணைக் குடியேற்றங்களில் புதிய நகராண்மைச் சட்டம் வந்து, ஜார்ஜ்டவுனின் தேர்தலை ஒழித்தது. அதற்குப் பிறகு ஆணையர்களை ஆளுநரே நியமித்தார். ஒரு தலைமுறைக்கு மேல், 38 ஆண்டுகள், வாக்குச்சீட்டைக் கையில் பிடிக்காமலே இந்த நகரம் வளர்ந்தது. ஆகவே 1951-ல் வரிசையில் நின்ற அநேகமாக எல்லோருக்கும் அது வாழ்க்கையின் முதல் வாக்கு.

சின்னம் காட்டிச் சொல்லிக்கொடுத்த நாட்கள்

ஐம்பதுகளில் மலாயாவில் நடந்த குடிமைக் கல்வியைப் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அது தெருவில் நடந்தது. தகவல் இலாகாவின் வேன்கள் ஒலிபெருக்கியோடு கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. இருட்டியதும் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டின. 1946-ல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவு மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் விளக்கப் படங்களைத் தந்தது. வானொலியில் தமிழ்ப் பகுதி இருந்தது. கட்சிகள் மேடை போட்டன. சீனத்தில் பேசுவார், மலாயில் பேசுவார், பிறகு தமிழில் பேசுவார் என மேடைகளில் வரிசையாக ஆட்கள் ஏறினார்கள். மூன்று மொழி தெரிந்த பினாங்குக்காரர்களுக்கு அந்த நாட்களில் நல்ல கிராக்கி.

சொல்லிக்கொடுக்க வேண்டியவை எளியவைதான். வாக்குச்சீட்டில் எந்தப் பெயருக்கு எதிரே குறுக்குக் குறி போடுவது? கையெழுத்துப் போட்டால் சீட்டு செல்லாமல் போகும் என்பது. யாருக்குப் போட்டோம் என்று கங்காணிக்கும் முதலாளிக்கும் தெரியாது என்பது. எழுத்து தெரியாதவர்களுக்குச் சின்னமே பாடம். அம்னோ தலைமையிலான கூட்டணிக்குப் பாய்மரக் கப்பல். பின்னாளில் சோசலிஸ்ட் முன்னணிக்குக் காளைத் தலை. கட்சியின் கொள்கையை விளக்கும் முன்பு சின்னத்தின் படத்தைக் காட்டிப் பழக்கினார்கள்.

1955 ஜூலை 27-ல் முதல் கூட்டரசுத் தேர்தல் வந்தது. 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றது. பதிந்த வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் மலாய்க்காரர் 84 விழுக்காடு, சீனர் 11, இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 5 விழுக்காட்டைத் தொடவில்லை. இந்தியர்கள் அக்கறையில்லாமல் இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. குடியுரிமைச் சட்டமே பலரை வெளியே நிறுத்தியிருந்தது. 1957-ல் சுதந்திரத்தோடு வந்த அரசியல் சாசனம் கதவைத் திறந்தது. ஓராண்டு காலத்துக்கு மொழித் தேர்வு இல்லாமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சலுகையும் தந்தது. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குடியுரிமைக்குப் பதியுங்கள் என்று தமிழர்களிடம் இயக்கம் நடத்திய காலமும் இதுவே. 1959 பொதுத்தேர்தலில் மலாயாவின் வாக்காளர் பட்டியல் 21 லட்சத்தைத் தாண்டியது. இந்தியர்களின் பங்கும் 7 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது.

நான்கே ஆண்டில் நடந்த மாற்றம் இது. சட்டம் வழிவிட்டது, பத்திரிகையும் சங்கமும் தொழிற்சங்கமும் வீடு வீடாகப் போய்ச் சொன்னன. இரண்டும் சேர்ந்தபோது மக்கள் வந்தார்கள்.

மாநகரமும் அதன் மேயரும்

1956-ல் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்தின் எல்லா உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக ஆனார்கள். மலாயா கூட்டரசில் அந்த நிலையை எட்டிய முதல் உள்ளாட்சி அதுதான். 1957 ஜனவரி 1 அன்று எலிசபெத் ராணியாரின் சாசனத்தால் ஜார்ஜ்டவுன் மாநகரமானது. கூட்டரசின் முதல் மாநகரம். அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவர் தமிழர்: தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன். 1961 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். முன்பு ஸ்காட் ரோடு என்று இருந்த சாலைக்கு இன்று அவர் பெயர். அந்தச் சாலையில் தினமும் கார் ஓட்டிப் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

கடற்கரைத் திடலான பாடாங் கோத்தா லாமாவைப் பார்த்து நிற்கும் மாநகர் மன்றக் கட்டடம் 1903-ல் கட்டியது. வெள்ளைக்காரர்களுக்கென்று எழுப்பிய அந்தத் தூண்களுக்கு நடுவே, தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து வாக்கு வாங்கி வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்த அதிகாரம் சிறியதல்ல. தண்ணீர், மின்சாரம், தெருவில் ஓடிய பஸ், குப்பை, சந்தை, உரிமம் எல்லாம் மன்றத்தின் பொறுப்பு. அறுபதுகளின் நடுவில் நாட்டிலேயே பணக்கார உள்ளாட்சியாக ஜார்ஜ்டவுன் இருந்தது. அதன் ஆண்டு வருவாய் பினாங்கு மாநில அரசின் வருவாயைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நகரத் தொழிலாளர்களில் தமிழர்கள் ஏராளம். சாலை கூட்டியவர்கள், கால்வாய் தோண்டியவர்கள், மின்கம்பம் ஏறியவர்கள், பஸ் ஓட்டியவர்கள். தங்கள் சம்பளத்தையும் குவார்ட்டர்ஸ் வீட்டையும் தீர்மானிக்கும் மன்றத்துக்குத் தாங்களே வாக்களிக்க முடிந்தது. வாக்குக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பு இவர்களுக்குக் கண்முன்னே தெரிந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். அவர் கேட்காவிட்டால் அடுத்த தேர்தலில் என்ன செய்வது என்பதும் தெரியும். ஜார்ஜ்டவுன் பெற்ற குடிமைக் கல்வியில் இதைவிட ஆழமாகப் பதிந்தது வேறெதுவும் இல்லை.

ராமநாதனுக்குப் பிறகு ஊய் தியாம் சியூ, அவருக்குப் பிறகு சோய் கோக் குவான் என்று மேயர்கள் வந்தார்கள். தொழிற்கட்சி இடம்பெற்ற சோசலிஸ்ட் முன்னணியின் கோட்டையாக மாநகர் மன்றம் நீடித்தது. மாநிலத்தில் கூட்டணி ஆட்சி, நகரத்தில் எதிர்க்கட்சி. உரசல் இல்லாமல் இருக்குமா?

தேர்தல் நின்ற கதை

1965 மார்ச் 1. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, உள்ளாட்சித் தேர்தல்களை மத்திய அரசு நிறுத்திவைத்தது. அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உறுதி சொன்னார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. தேர்தல் வரவில்லை. அதே 1966-ல், நிர்வாகச் சீர்கேடு என்ற குற்றச்சாட்டின் பேரில் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்களை மாநில முதலமைச்சர் வோங் பாவ் நீ எடுத்துக்கொண்டார்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு தமிழரின் பெயர் வருகிறது. மேற்கு மலேசியாவின் உள்ளாட்சிகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய 1965-ல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் அத்தி நாகப்பன், வழக்கறிஞர், மலேசிய இந்தியக் காங்கிரஸ்காரர், ஆளுங்கூட்டணியைச் சேர்ந்தவர். அவருடைய மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் தளபதிப் பொறுப்பில் இருந்தவர். 370-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருந்த காலம் அது. ஆணையம் 1968-ல் அறிக்கையை முடித்துக் கொடுத்தது. சிறிய மன்றங்களை இணைக்கலாம், நிர்வாகத்தைச் சீர்ப்படுத்தலாம். ஆனால் தேர்தல் வேண்டும் என்பது அதன் முடிவு. குறைகள் இருந்தாலும் தேர்ந்தெடுத்த மன்றமே நியமன மன்றத்தைவிட மேல் என்று அது கருதியது. தன் கூட்டணிக்கு உவப்பானதை எழுதிக் கொடுத்திருக்கலாம். அத்தி நாகப்பன் ஆணையம் அப்படிச் செய்யவில்லை. மலேசியத் தமிழர் வரலாற்றில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டிய செயல் இது.

அரசு பரிந்துரையை ஏற்கவில்லை. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, நகரத் தேர்தல் இனப் பகையை வளர்க்கும் என்ற வாதம் வலுத்தது. 1976-ன் உள்ளாட்சிச் சட்டம் கதையை முடித்துவைத்தது. அதன் 15-ஆம் பிரிவு உள்ளாட்சித் தேர்தலை ஒழித்தது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கலாம் என்றாகியது. குறைந்தது 8 பேர், அதிகம் போனால் 24 பேர்.

சென்னைக்கும் இதே அனுபவம் உண்டு. முறைகேட்டுப் புகாரில் 1973-ல் கலைத்த மாநகராட்சி மன்றத்துக்கு 1996 வரை தேர்தல் நடக்கவில்லை. ஆனால் இந்தியா அரசியல் சாசனத்தையே திருத்தியது. 74-ஆம் திருத்தம் நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகும் சென்னையில் 2016 முதல் 2022 வரை மன்றம் இல்லாமல் போனது. 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது நகர வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. தேர்தல் இருந்தால் மட்டும் போதாது, இடைவெளி விடாமல் நடக்கவும் வேண்டும் என்பதற்கு இது சான்று. நீண்ட நாள் பழகாமல் விட்ட உரிமையை மக்கள் தாமாக எடுத்துக்கொள்வதில்லை.

தேர்தல் இல்லாத ஊரில் குடிமைக் கல்வி

மாநகர் மன்றத்தின் கதவு அடைத்துக்கொண்ட பிறகு பினாங்கு சும்மா இருக்கவில்லை. வாக்குச்சீட்டு செய்துவந்த வேலையில் ஒரு பகுதியைச் சங்கங்கள் எடுத்துக்கொண்டன. 1970-ஐ ஒட்டிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பிறந்தது. அதைப் பல பத்தாண்டுகள் நடத்திச் சென்றவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ், இந்தியாவிலிருந்து சிறுவயதில் பினாங்குக்கு வந்த தமிழ் முஸ்லிம். 2019 மே மாதம் 92 வயதில் காலமாகும் வரை ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார். பிறை தொழிற்பேட்டைக் கழிவால் மீன் செத்துப்போன கோலா ஜூரு மீனவர்களுக்குப் புகார் எழுதக் கற்றுக்கொடுத்தது அவருடைய சங்கம். பள்ளிகளில் பயனீட்டாளர் மன்றங்களை அமைத்தது. தன் பத்திரிகையைத் தமிழிலும் வெளியிட்டது. அதிகாரிக்குக் கடிதம் எழுதலாம், பதில் கேட்கலாம், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதலாம் என்ற துணிச்சலை ஏழை எளியவர்களுக்குத் தந்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1977-ல் சந்திரா முசாபரும் நண்பர்களும் பினாங்கில் அலிரான் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இனம் கடந்து, நீதி, நேர்மையான தேர்தல், பேச்சுரிமை என்று பேசிய அமைப்பு அது. ‘அலிரான் மந்த்லி’ இதழ் தேர்தல் சட்டங்களையும் தொகுதி எல்லை வகுப்பையும் சாதாரண வாசகருக்குப் புரியும்படி விளக்கியது. 2007-ல் நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே பேரணியும் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் பேரணியும் இரண்டே வார இடைவெளியில் கோலாலம்பூரில் நடந்தபோது, அரசியல் நமக்கு எதற்கு என்று ஒதுங்கியிருந்த பல இந்தியக் குடும்பங்கள் முதல் முறையாகத் தேர்தலைப் பற்றி வீட்டில் பேசின. அடுத்த மார்ச்சில் பினாங்கில் ஆட்சி மாறியது. பேராசிரியர் பி. ராமசாமி, மாநிலத்தின் இரண்டாம் துணை முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்; பினாங்கில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

புதிய அரசு நியமன உறுப்பினர்களில் சில இடங்களை அரசு சாரா அமைப்புகளுக்கு ஒதுக்கியது. 2010-ல் பாடாங் கோத்தாவில் யார் வேண்டுமானாலும் நின்று பேச இடம் தந்தது. அதே ஆண்டு, உள்ளாட்சித் தேர்தலை நடத்தித் தாருங்கள் என்று முதலமைச்சர் லிம் குவான் எங் தேர்தல் ஆணையத்துக்கு எழுதினார். ஆணையம் மறுத்தது. மாநிலச் சட்டமன்றம் 2012-ல் தனிச் சட்டமே இயற்றியது. அதை அமல்படுத்த அனுமதி கேட்டுப் பினாங்கு அரசும், வரி கட்டும் குடிமகன் என்ற முறையில் அலிரானின் முன்னாள் தலைவர் பி. ராமகிருஷ்ணனும் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014 ஆகஸ்ட் 14 அன்று மனு தள்ளுபடியானது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் செல்லாது என்பது தீர்ப்பு.

2015-ல் பினாங்குத் தீவு மறுபடியும் மாநகர் மன்றம் பெற்றது. மேயர் பதவிக்கு பத்தாஹியா இஸ்மாயில் வந்தார். தீவின் முதல் பெண் மேயர். பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் நியமனம் பெற்றவர்கள். மத்தியில் ஆட்சி மாறிய 2018-ல் மூன்றாண்டுக்குள் உள்ளாட்சித் தேர்தல் என்று அமைச்சர் சுரைடா கமாருடின் அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில், இன மோதல் வரும் என்று சொல்லிப் பிரதமர் மகாதீர் அதை நிறுத்திவிட்டார்.

பதினெட்டு வயதில் ஒரு வாக்கு

பல ஆண்டுகளாக மலேசியாவில் வாக்காளராவதற்கு 21 வயது நிறைய வேண்டியிருந்தது. பிறகு தபால் நிலையத்துக்கோ தேர்தல் ஆணைய அலுவலகத்துக்கோ போய்ப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி இருந்தும் பதியாமலே இருந்தார்கள். இதை மாற்ற 2016-ல் ஓர் இளைஞர் இயக்கம் கிளம்பியது: உண்டி18. அதன் நிறுவனர்கள் தர்மா பிள்ளையும் கைரா யுஸ்ரியும். 2019 ஜூலை 16 அன்று மக்களவை 211 வாக்குகளோடு அரசியல் சாசனத்தைத் திருத்தியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து வாக்களித்த அரிய நாள் அது. வாக்குரிமை வயது 18. பதிவு தானாகவே நடக்கும். அமல்படுத்துவதில் தாமதம் வந்தபோது இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆண்டு முடிவதற்குள் 18 வயது வாக்குரிமையை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 டிசம்பர் 15 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பலன் என்ன? 2018-ல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த பட்டியல் 2022-ல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. வாக்களித்தோர் எண்ணிக்கையும் கூடியது. விழுக்காடோ 82-லிருந்து ஏறத்தாழ 74-க்கு இறங்கியது. இளைஞர்கள் முதலில் வாக்களித்த 2022 மார்ச் ஜொகூர் மாநிலத் தேர்தலில் சுமார் 55 விழுக்காட்டினரே வந்தார்கள். கோவிட் அச்சமும் வெளியூர் வேலையும் காரணம்தான். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் வாக்குச்சாவடிக்குப் போவதும் ஒன்றல்ல என்பதை இந்த எண்கள் காட்டிவிட்டன. முன்பெல்லாம் பதியும் படிவத்தை நிரப்பும்போதாவது யாராவது ஒருவர் எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை விளக்கினார். இப்போது அந்தச் சந்திப்பும் இல்லை.

முதல் முறை வாக்களிக்கப் போகிறவருக்குத் தெரியாத விஷயங்கள் சாதாரணமானவை. வாக்குச்சாவடி பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிக்கூடம். அங்கே ‘சாலுரான்’ என்று வகுப்பறைக்கு வகுப்பறை வரிசை பிரித்திருப்பார்கள். வயதானவர்களுக்கு முதல் எண், இளையவர்களுக்குக் கடைசி எண். உள்ளே போனதும் முதல் எழுத்தர் மைகார்டு அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் எண்ணையும் கட்சி முகவர்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படிப்பார். அடுத்தவர் இடது ஆட்காட்டி விரலில் மை வைப்பார். மூன்றாமவர் சீட்டைக் கொடுப்பார். பெயரை உரக்கப் படித்ததும் நம் வாக்கையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. முகவர்கள் சரிபார்ப்பது ஆளைத்தான். தடுப்புக்குப் பின்னால் போடும் குறி யாருக்கும் தெரியாது. இதை யாராவது தமிழில், பொறுமையாக, ஒருமுறை சொன்னால் போதும்.

அதற்கு முந்திய படியிலேயே நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடு வாழ்ந்தவர்கள், எந்த அட்டையும் இல்லாதவர்கள். 2011-ல் அரசு ‘மைடஃப்தார்’ என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று பதிவு இயக்கம் நடத்த வேண்டிய அளவுக்கு இது பெரிய சிக்கல். இவர்களுக்கு வாக்குரிமைப் பாடம் பிறப்புப் பத்திரத்திலிருந்து தொடங்குகிறது.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 2019 ஜூன் முதல் மாதத்துக்கு ஒருமுறை குடிமைக் கல்வி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கல்வி அமைச்சு ஏற்பாடு செய்தது. அன்பு, மரியாதை, பொறுப்பு என்று நற்பண்புகளைச் சொல்லிக்கொடுப்பது நல்லதே. அதோடு ராமநாதனின் கதையையும் அத்தி நாகப்பனின் அறிக்கையையும் இணைத்துச் சொல்லலாம். வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்குப் பெட்டி வைக்கலாம். பெயர் படிக்க ஒருவர், மை வைக்க ஒருவர், சீட்டுக் கொடுக்க ஒருவர் என்று மாணவர்களையே அமர்த்தலாம். பதினொரு வயதில் அதைச் செய்து பார்த்த பிள்ளை பதினெட்டு வயதில் சாலுரான் தேடித் தடுமாறாது. கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் தங்கள் கூட்டங்களில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம்.

மன்ற உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் வாக்களித்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலையைப் பினாங்கின் தமிழ் அமைப்புகள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும். 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதைக் கேட்கும் பொறுப்பு ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. அதுவரை, அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும் நாளன்று தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் உங்கள் அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பாருங்கள். எந்தப் பள்ளி, எந்தச் சாலுரான் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பதினெட்டு வயதான பிள்ளை இருந்தால் அதன் பெயரையும் பார்த்துச் சொல்லி, வாக்களிக்கப் போகும்போது கூட அழைத்துப் போங்கள்.